“எனக்கென்ன விசரே?”: இளம் பிள்ளைகளும் உளநல உதவியும்

இக்கைநூலின் முந்திய பகுதிகளில் காணி உறுதி, வெடிபொருள் ஆபத்து, வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவாக்கல் ஆகியவை பற்றி வாசித்திருப்பீர்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை. பல வருடம் பாவிக்காத கிணறு என்றால் தண்ணீரைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை மூன்று மாதமாக இரவில் நித்திரை கொள்ளாமல், பகலில் யாருடனும் கதைக்காமல் இருந்தால் அதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

இப்பகுதி, உங்கள் வீட்டிலுள்ள பதினெட்டு முதல் முப்பது வயது வரையான பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் முதலில் வாசியுங்கள். வாசித்த பிறகு புத்தகத்தை மூடி அலுமாரியில் வைக்காமல் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அவர்களுக்கென்று எழுதிய விடயங்களும் இதில் உண்டு.

ஊர் திரும்புவது யார்?

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூன் மாதத்தில் வெளியேறினார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. இடையில் 27 வருடங்கள். வெளியேறும்போது இருபது வயதாக இருந்த ஒருவர் திரும்பி வரும்போது நாற்பத்தேழு வயது. அவருடைய பிள்ளை மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ கோணாப்புலத்திலோ ஒரு நலன்புரி நிலையத்தில் பிறந்து, அங்கேயே நடை பழகி, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய், அங்கேயே சிநேகிதம் பிடித்து வளர்ந்த பிள்ளை. வேறு சில வீடுகளில் பிள்ளைகள் தமிழ்நாட்டில் மண்டபம் அல்லது கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவர்கள். இன்னும் சிலர் வன்னிக்குப் போய், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் வழியாக வந்தவர்கள்.

தாய் தகப்பனுக்கு இது ஊர் திரும்புதல். பிள்ளைக்கு இது இன்னொரு இடப்பெயர்வு. அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வீட்டைக் கண்டு தாய் நிலத்தில் இருந்து அழுகிறார். பிள்ளை ஒரு பக்கமாக நின்று கைத்தொலைபேசியைப் பார்க்கிறது. அதைக் கல்நெஞ்சு என்று எடுக்காதீர்கள். தாய்க்கு அந்த மாமரமும் கிணற்றடியும் நினைவில் உள்ளன. பிள்ளையின் நினைவில் இருப்பது தகரக் கொட்டிலும் பக்கத்துக் கொட்டில் சிநேகிதனும்தான். அவனை விட்டுவிட்டு வந்ததற்கு யாரும் அனுதாபம் சொல்வதில்லை. “சொந்தக் காணி கிடைச்சிருக்கு, இனி என்ன குறை?” என்றுதான் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. வாய் திறந்தால் “இந்தியாக்காரர்” என்ற பகிடி. அங்கே “சிலோன்காரர்” என்ற பெயரோடு வளர்ந்தவர்களுக்கு இங்கேயும் வேறு பெயர்.

2009 இல் கண்டது

போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் வீடு வீடாக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டு இடைத்தங்கல் முகாம்களும் அதில் அடங்கின. ஏறத்தாழ 1,400 பேரின் விடைகள் எடுக்கப்பட்டன. முடிவுகள் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஏறக்குறைய 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 7 பேரிடம் மனவடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் மனச்சோர்வு 42, பதகளிப்பு 48 அல்லது 49, மனவடு 13.

இந்த எண்களைவிட முக்கியமான இரண்டு விடயங்கள் அதே ஆய்வில் உள்ளன. முதலாவது, அண்மையில் மீள்குடியேறியவர்களிடம் மனவடு அறிகுறிகள், நெடுங்காலமாக அங்கேயே இருந்தவர்களிடம் இருந்ததைவிட அதிகமாக இருந்தன. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தானாகச் சரிவரும் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொருவரும் கண்ட கொடுமைகளின் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, இடம்பெயர்ந்தவர் என்ற காரணம் தனியாக நிற்கவில்லை. அதாவது, இடம்பெயர்ந்தவர்கள் மனத்திடம் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கூடுதலாகக் கண்டவர்கள். உங்கள் வீட்டில் யாராவது “எங்கடை சனம் பலவீனம்” என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஏன் போவதில்லை?

குடும்பங்களோடு கூடியிருந்து கதைக்கும்போது இளம் பிள்ளைகள் சொல்லும் முதல் காரணம் ஒரு சொல். விசர். “எனக்கென்ன விசரே அங்கை போக?” நித்திரையின்மைக்கும் விசருக்கும் இடையில் எத்தனையோ படிகள் இருந்தாலும் எங்கள் பேச்சில் அந்தப் படிகளுக்குச் சொல் இல்லை. ஒன்றில் நல்லாயிருக்கிறாய், இல்லாவிட்டால் விசர். சின்ன வயதில் குழப்படி செய்தால் “மந்திகைக்குக் கொண்டுபோய் விடுவன்”, “அங்கொடைக்கு அனுப்புவன்” என்று வெருட்டி வளர்த்திருக்கிறோம். இருபது வயதில் அதே பிள்ளையிடம் “கிளினிக்குக்குப் போவம் வா” என்றால், காதில் விழுவது பழைய வெருட்டல்தான்.

இரண்டாவது காரணம் கலியாணம். பெண் பிள்ளைகள் இதை நேரடியாகச் சொல்வார்கள். ஆண் பிள்ளைகளுக்காகத் தாய்மார் சொல்வார்கள். விசாரித்து வரும்போது யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இந்தப் பயத்தைப் பொய் என்று தள்ள முடியாது. எங்கள் ஊர்களில் சாதகம் பார்ப்பதற்கு முன்னரே விசாரிப்புத் தொடங்கிவிடும். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். ஆரம்பத்தில் சில மாதச் சிகிச்சையோடு தேறியிருக்கக்கூடிய மனச்சோர்வை மூன்று நான்கு வருடம் மறைத்து வைத்தால் படிப்பு நிற்கும், வேலை நிற்கும், பிள்ளை அறையை விட்டு வெளியில் வராது. அதன் பிறகு மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமிராது. மறைத்துக் கட்டிக்கொடுத்து, தலைப்பிள்ளை பிறந்த பிறகு வருத்தம் திரும்பி வந்த வீடுகளும் உண்டு. அப்போது இரண்டு குடும்பம் சேர்ந்து வருந்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகள் உங்கள் முகத்துக்கு முன்னால் சொல்வதில்லை. “நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து உங்களை வளர்த்தனாங்கள். சாப்பாடில்லாமல் நடந்து வந்தனாங்கள். உனக்கு இப்ப என்ன குறை?” இதைச் சொல்லும் பெற்றோர் பிள்ளையைக் காயப்படுத்தச் சொல்வதில்லை, தைரியம் கொடுக்கத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு விளங்குவது வேறு: அம்மா அப்பா பட்டதற்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை, ஆகவே வாயைத் திறக்கக் கூடாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மழையோடு மழையாகத் தென்மராட்சிக்கு நடந்த அனுபவம் உங்களுடையது. அதைக் கேட்டு வளர்ந்த அனுபவம் பிள்ளையுடையது. இரண்டும் பாரம்தான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் முழுச் சமூகத்தையும் பிடிக்கிறது என்பதை நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார். மனவடு என்ற சொல்லே 1993 இல் வெளிவந்த அவருடைய தமிழ் நூலின் பெயர். அந்தச் சொல் இந்த மண்ணில் எழுதப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதெல்லாம் வெள்ளைக்காரன் வருத்தம் என்று நினைக்கிறவர்களுக்கும் சொல்லலாம்.

இவற்றைவிட, ஆண் பிள்ளைகளிடம் குடி நுழைந்துவிடுகிறது. நித்திரை வராததற்கு மருந்தாகத் தொடங்கி, பிறகு அதுவே தனி வருத்தமாகிறது. வீட்டில் குடிக்காகச் சண்டை நடக்கும். நித்திரையைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். போதைத் தூளும் இப்படித்தான். உளநலப் பிரிவுகளில் குடிக்கும் போதைக்கும்கூட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

உடம்பு சொல்லும் முறை

“எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வரும் இளம் பிள்ளை குறைவு. தலைப்பாரம், நெஞ்சுக்குள் அடைக்கிறது, உடம்பு முழுக்க உளைவு, சாப்பாடு இறங்கவில்லை, ஒரே யோசனை, பெருமூச்சு என்றுதான் வரும். இரத்தம் சோதித்து, இசிஜி எடுத்து, கண் சோதித்து, “ஒன்றுமில்லை” என்று சொல்லப்பட்டு வீட்டுக்கு வருவார்கள். ஒன்றுமில்லை என்பதன் பொருள், அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டுமே. நோவு பொய்யல்ல.

கீழே சொல்லியவற்றில் சில, இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமான நாட்களில் இருந்தால் கவனியுங்கள்: முன்பு விரும்பிச் செய்த ஒன்றில், பந்தடித்தலோ பாட்டோ கோயில் திருவிழாவோ, விருப்பம் விட்டுப்போதல், விடிய மூன்று மணிக்கு எழும்பி மறுபடி நித்திரை வராமை, குளிப்பு, உடுப்பு, சாப்பாட்டில் கவனமின்மை, வெடிச்சத்தத்துக்கோ மோட்டார்ச் சைக்கிள் சத்தத்துக்கோ திடுக்கிட்டு உடம்பு நடுங்குதல், ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருதல், சின்ன விடயத்துக்கு எரிந்து விழுதல், “நான் இருந்து என்ன பிரயோசனம்” என்ற பேச்சு. பொதுவாக, வேலையோ படிப்போ வீட்டு உறவோ தடைப்படும் அளவுக்கு வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

வேறொரு வகையும் உண்டு. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது, தன்னைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால், அந்தக் கிழமையே வைத்தியரிடம் போக வேண்டும். இந்த நோய்கள் அநேகமாக இளம் வயதில்தான் தொடங்குகின்றன. சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்கள் நன்றாகத் தேறும் வாய்ப்பு அதிகம்.

கோயிலும் கிளினிக்கும்

பிள்ளைக்கு நூல் கட்டுவதும், பார்வை பார்ப்பதும், நேர்த்தி வைப்பதும், சேர்ச்சில் செபிப்பதும் எங்கள் வழக்கம். அவற்றை விடச் சொல்லி எந்த நல்ல வைத்தியரும் கேட்க மாட்டார். சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, மந்திரமோ செபமாலையோ உருப்போடுதல் ஆகியவற்றை யாழ்ப்பாணத்து உளநலப் பணியாளர்கள் போர்க்காலத்திலேயே சிகிச்சையோடு சேர்த்துக் கற்பித்தார்கள். மனதை அமைதிப்படுத்த அவை உதவும் என்று கண்டுதான் செய்தார்கள். ஆனால் நூல் கட்டிவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று இருப்பது வேறு. நேர்த்தி முடிக்கும்வரை மருந்தை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்க வேண்டாம். அடித்து, கட்டி வைத்து, பட்டினி போட்டுப் பேய் ஓட்டும் இடங்களுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாது.

உயிர் பற்றிய கதை வந்தால்

இலங்கை 1995 அளவில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தது. நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். அதன் பிறகு அந்த எண் பெரிதும் இறங்கியது. கடும் நஞ்சான பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டது அதற்கு முக்கிய காரணம். அந்த எண்ணம் அநேகரிடம் சில மணி நேரத்துக்குத்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடுவார். மீண்டும் வெங்காயமும் புகையிலையும் செய்யத் தொடங்கும் வீடுகள் பயிர் மருந்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, திறப்பை ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள். மாத்திரைகளும் அப்படியே.

“சாக வேணும் போல இருக்கோ?” என்று பிள்ளையிடம் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே ஆறுதல். ஓம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள், ஏசாதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். உயிருக்கு முயன்ற பிள்ளையைப் பொலிசுக்குப் பயந்து வீட்டில் மறைத்து வைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 1998 முதல் இலங்கையில் அது குற்றம் அல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கதைப்பதற்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு. இரவிலும் எடுக்கலாம். தமிழிலும் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்றில்லை.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

எல்லோரும் கூடியிருக்கும்போது வேண்டாம். மாமி, சித்தப்பா முன்னிலையில் வேண்டவே வேண்டாம். கிணற்றடியிலோ, வேலி அடைக்கும்போதோ, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, கை ஒரு வேலையில் இருக்கும் நேரத்தில் பிள்ளை கதைக்கும். “உனக்கு என்ன பிரச்சினை?” என்று விசாரணை போலக் கேட்காமல் கண்டதைச் சொல்லுங்கள்: “கொஞ்ச நாளாய் நீ நித்திரை கொள்ளேல்லை போல. எனக்கு யோசனையாய் இருக்கு.” பதில் வராவிட்டால் விடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். உங்களுக்கே நித்திரை வராத காலம் இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். ஆனால் உங்களுடையது பெரிது என்று காட்டச் சொல்லாதீர்கள்.

சில பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனைவிட அண்ணாவோ அக்காவோ ஒரு ஆசிரியரோ லேசு. அது உங்களுக்கு அவமானம் இல்லை.

இளம் வாசகர்களுக்கு ஒன்று: தம்பி, தங்கச்சி, பதினெட்டு வயது தாண்டியிருந்தால் நீங்கள் தனியே கிளினிக்குக்குப் போகலாம். வைத்தியரிடம் சொல்வதை அவர் கிராம அலுவலருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வேலைத்தலத்துக்கோ சொல்ல மாட்டார். உயிராபத்து இருந்தால் மட்டும் வீட்டாரைச் சேர்த்துக்கொள்வார். சிநேகிதனோடு போவதில் தவறில்லை. உண்மையில் அநேகர் அப்படித்தான் முதல் தடவை போகிறார்கள்.

எங்கே போவது, முதல் நாள் என்ன நடக்கும்?

ஒரு காலத்தில் உளமருத்துவம் என்றால் கொழும்புக்குப் போக வேண்டும் என்ற நிலைதான். அரசாங்கம் 2005 இல் ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கைக்குப் பிறகு சேவைகளை மாவட்டங்களுக்குப் பரப்பும் வேலை வேகம் எடுத்தது. யாழ்ப்பாணத்துக்கு அதற்கு முன்னரே சொந்த அடித்தளம் இருந்தது. சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் 1987 முதல் இங்கே இயங்கி வருகிறது. தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையில் உளநல விடுதி உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையிலும், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலச் சேவை கிடைக்கும். கிளினிக் நாட்கள் இடத்துக்கு இடம் வேறுபடும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டு அறியலாம். மருந்து தேவைப்படாத, ஆனால் மனம் விட்டுக் கதைக்க வேண்டிய நிலை என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். காணி அலுவலாக எப்படியும் அங்கே போவீர்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

வைத்தியசாலையில் பணம் கட்ட வேண்டியதில்லை, மருந்தும் இலவசம். அடையாள அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். அட்டை இன்னும் கிடைக்கவில்லை, இந்தியாவிலிருந்து வந்த பதிவு முடியவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். முன்பு எங்காவது மருந்து எடுத்திருந்தால் அந்தத் துண்டையோ வெறும் மாத்திரை மட்டையையோ எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது நித்திரை, சாப்பாடு, வேலை, வீடு பற்றித்தான். போரைப் பற்றி எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சொல்ல விரும்பாததை “அதைப் பிறகு சொல்லுறன்” என்று சொல்லலாம். காத்திருக்கும் நேரம் நீளும். காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எல்லோருக்கும் மருந்து தருவதில்லை. மனச்சோர்வுக்கு மருந்து தந்தால், அது பனடோல் போல அன்றைக்கே வேலை செய்யாது; பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். முதல் கிழமையில் ஓங்காளமோ தலையிடியோ வரலாம். அநேகமாக அது குறைந்துவிடும். குறையாவிட்டால் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். இந்த மருந்துகளுக்கு ஆள் அடிமையாவதில்லை. நித்திரைக் குளிசை வேறு வகை. அதை வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் எடுக்கக் கூடாது, கடையில் தனியே வாங்கவும் கூடாது. பெரும்பாலும் நடக்கும் பிழை, இரண்டு மாதத்தில் சுகம் வந்ததும் மருந்தை நிறுத்திவிடுவது. சுகம் வந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்தும்போது வைத்தியர் சொல்லும் முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

போகும்போது கிளினிக் கொப்பி தருவார்கள். அடுத்த திகதி அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளில் தோட்டத்தில் பிடுங்கலோ வீட்டில் விசேசமோ வந்தால் திகதியை விட்டுவிடாமல், பிள்ளையோடு யார் போவது என்பதை முதல் நாள் இரவே பேசி வையுங்கள்.